கடைசிப் போட்டோ ஒழிப்பு இயக்கம்

"உண்மைச் சம்பவப் படங்களோட கடைசியில வருது பாரு ஒரு ஒரிஜினல் போட்டோ, அதை ஒழிச்சாலொழிய தேனி மாவட்டம் தலைநிமிர வழியே கிடையாது."

கல்லூரி கேண்டீனில், உளுந்த வடையின் ஓட்டைக்குள் ஆள்காட்டி விரலை நுழைத்து அதை மோதிரம் போல மாட்டிக்கொண்டு ஜோ இப்படிச் சொன்னான். முகத்தில் சிரிப்பில்லை. அணை நீர்மட்டத்தை வாசிக்கிற வானொலிக்காரரின் முகம் அது. அந்த முகத்தை நம்பித்தான் ஊரே ஏமாந்துகொண்டிருந்தது.

ஜோ மூன்றாமாண்டு வணிகவியல். 'மெய்ச்செய்தி' என்று வாட்ஸ்அப்பில் ஒரு தினசரி நடத்தினான். அதில் மெய்யான செய்தி ஒன்றுகூட வந்ததில்லை. சுருளி அருவியில் வெந்நீர் விழும் நேரம் மாற்றப்பட்டிருப்பதாக ஒருமுறை எழுதினான். மூன்று பேர் போன் போட்டு, "எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்கள். அதில் ஒருவர் அவனுக்குப் புள்ளியியல் நடத்துகிறவர்.

எதிரே உட்கார்ந்திருந்த சூரியபிரகாஷுக்கு வடை இறங்கவில்லை. ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் பிச்சைமணியின் மகன் அவன். வருமான வரிப் பாட நோட்டின் பின்பக்கத்தில் தனக்குப் பிடித்த உண்மைச் சம்பவப் படங்களை வரிசை எண் போட்டு எழுதி வைத்திருந்தான். மொத்தம் நாற்பத்து மூன்று. ஆற்றைக் கடந்து தபால் கொடுத்த ஒற்றைக் கைத் தபால்காரர், உப்பளத்திலிருந்து போய் மல்யுத்தத்தில் ஜெயித்த பெண், ஓடுகிற ரயிலைச் சட்டையைக் கழற்றி ஆட்டி நிறுத்திய ஸ்டேஷன் மாஸ்டர். யார் முதலிடம் என்பது மட்டும் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை மாறும்.

"மொத நிமிசமே கறுப்புத் திரையில 'உண்மைச் சம்பவம்'னு எழுத்து வரும் பாரு. எனக்கு அங்கனயே புல்லரிச்சிரும்டா" என்றான் சூரியபிரகாஷ்.

"ஒனக்கு ரேசன் கடை போர்டைப் பாத்தாலும் புல்லரிக்கும்."

"கடைசில நெசமான ஆளோட போட்டோ வரும்போது..."

"ரெண்டரை மணி நேரம் பொய் சொல்லிட்டு நாலு செகண்டு நெசத்தைக் காட்டுறான். பால்ல தண்ணிய ஊத்திட்டு, கடைசில மாட்டோட போட்டோவக் காட்டுற மாதிரி. அதுக்கும் ஒரு கூட்டம் கெடக்கு. ஒருத்தன் நெஞ்சில கைய வைக்கிறான். ஒருத்தன் செல்லைத் தூக்கிப் படம் பிடிக்கிறான். முன்னாடி எந்திரிச்சவனை உக்காருங்கங்கிறான் ஒருத்தன். என்னடா கண்ணு செவந்திருக்குன்னு கேட்டா, தூசிங்கிறான். ஏசி போட்ட தியேட்டர்ல ஏதுடா தூசி?"

சூரியபிரகாஷ் நான்காவது வகை. தலையைக் குனிந்துகொண்டான்.

அன்று சாயங்காலமே ஜோ கோடு போட்ட தாளில் சின்னமனூர் தியேட்டருக்கு ஒரு மனு எழுதினான். மதிப்பிற்குரிய நிர்வாகம், கதை முடிந்த கணமே விளக்கைப் போட்டு, வாசலைத் திறந்துவிட வேண்டும். ஒன்று, ஊர்ப்பக்கம் போகும் ஐந்தே கால் டவுன் பஸ் தவறுகிறது. இரண்டு, இளைஞர்களின் கண்ணீர்ச் சுரப்பிகள் தேர்வுக் காலத்துக்கு முன்பே தீர்ந்துபோகின்றன. மூன்று, கட்டான உடம்போடு கதாநாயகனைப் பார்த்துவிட்டு, உடனே தொப்பையோடு ஒரிஜினலைப் பார்ப்பது பெண்களின் எதிர்காலக் கனவுகளைப் பாதிக்கிறது. நூற்று நாற்பத்து இரண்டு கையெழுத்துகள். எழுபதாவது கையெழுத்து சூரியபிரகாஷுடையது. பஸ் பாஸ் விண்ணப்பம் என்று சொல்லி வாங்கியது.

தபாலில் போட்டான். சூரியபிரகாஷுக்குத் தெரியாமல் மற்றவர்கள் ஒரு வாரம் சிரித்தார்கள். மறந்துபோனார்கள். ஜோ எந்தப் படத்திலும் கதை முடிவதற்கு முன்பே எழுந்து போகிறவன். அது அவன் கொள்கை. ஆகவே அந்த மனு என்ன ஆனது என்பது அவனுக்குத் தெரியவே இல்லை.

ஏழு மாதம் கழித்து 'மழைவேங்கை' வந்தது.

ஜோவின் அம்மா பிலோமினா மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர். விடியுமுன் ஊரில் ஜீப் ஏறினால் கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் இறங்குவார். சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்புவார். சில வருஷங்களுக்கு முன்னால் ஓர் ஆவணி மழையில் மலைப்பாதை இடிந்து, பிலோமினாவோடு சேர்த்துப் பதினோரு பெண்கள் மேலேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்தான் மற்றவர்களைக் காட்டுப் பாதை வழியாக நடத்திக் கீழே கொண்டுவந்து சேர்த்தார். பேப்பரில் நான்கு வரி வந்தது. அந்த நான்கு வரியைப் பிடித்துக்கொண்டு சென்னையிலிருந்து ஓர் உதவி இயக்குநர் பெண் வந்தாள். இரண்டு நாள் வீட்டிலேயே தங்கி, கடுங்காப்பி குடித்து, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனாள்.

படத்தின் போஸ்டர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டப்பட்டபோது பிலோமினா நின்று பார்த்தார். தாடி வைத்த கதாநாயகன் ஒருவன் கொட்டுகிற மழையில் ஒரு ஜீப்பையே தோளில் தூக்கிக்கொண்டு நின்றான்.

"இதுல நான் எங்கனடா இருக்கேன்?"

"ஜீப்புக்கு அடியில இருப்பம்மா."

பிலோமினா சிரித்தார். வழக்கமாக எதையும் மகனிடம் உடனே கொட்டிவிடுகிறவர் அன்று வாயை இறுக்கிக்கொண்டு நடந்ததை ஜோ கவனித்தான். காரணம் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிவில், இரண்டு திருமண அறிவிப்புகளுக்கும் பங்குக் கூட்டத்துக்கும் நடுவே ஃபாதர், "இன்று மதியக் காட்சிக்கு நம் ஊர்ச் சகோதரிகளின் படம். அனைவரும் சென்று ஆதரவு தரவும்" என்று அறிவித்தார். மதியம் ஒன்றரைக்கே டவுன் பஸ் பிதுங்கியது. மலையில் அன்றைக்கு இருந்த பதினோரு பேரும் பட்டுச்சேலையில் வந்திருந்தார்கள். மல்லிகைப்பூ வாசத்தில் கண்டக்டர் இரண்டு தடவை தும்மினார். தியேட்டரில் மூன்றாவது வரிசை முழுக்க அவர்கள்தான். நடுவில் பிலோமினா. பக்கத்தில் அவருடைய கூட்டாளி மாரீஸ்வரி. பின் வரிசையில் ஜோவும் சூரியபிரகாஷும். சூரியபிரகாஷ் வெள்ளிக்கிழமையே தேனிக்குப் போய்ப் படத்தைப் பார்த்தாயிற்று. இது இரண்டாம் முறை.

விளக்கு அணைந்தது. கறுப்புத் திரையில் 'இது ஓர் உண்மைச் சம்பவம்' என்று எழுத்து வந்ததும் தியேட்டர் அதிர்ந்தது. விசில். யாரோ காகிதத்தைக் கிழித்து வீசினார்கள். சூரியபிரகாஷ் முழங்கையை நீட்டிக் காட்டினான். நிஜமாகவே புல்லரித்திருந்தது.

ஜீப் டிரைவராக வந்த கதாநாயகன் இறங்கும்போதே நான்கு பேரை அடித்தான். எஸ்டேட் முதலாளி வில்லன். அவனிடம் ஒரு துப்பாக்கி, ஒரு கழுகு. படத்தில் பெண்கள் ஜீப்பின் பின்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி மட்டும் அரை மணி நேரமாக முந்தானையால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுதுகொண்டிருந்தாள்.

பிலோமினா பின்பக்கம் திரும்பினார். "ஏலே ஜோ, யாருடா அது, எந்நேரமும் அழுதுக்கிட்டே இருக்கு?"

"அதுதாம்மா நீ."

"நான் எங்கடா அழுதேன்? அன்னிக்கு எனக்குச் சளிடா!"

"பேசாமப் பாருடி" என்றார் மாரீஸ்வரி. "கழுகு வேற வச்சிருக்கான். நம்ம மொதலாளிகிட்ட ஒரு கோழிகூடக் கெடையாது."

இடைவேளையில் ஜோ உற்சாகத்தின் உச்சியில் இருந்தான். நாளைய மெய்ச்செய்திக்கு இரண்டு பக்கம் தேறிவிட்டது. முறுக்குப் பொட்டலத்தோடு வந்தவன் மூன்றாவது வரிசைக்குப் பின்னால் நின்றபோது அம்மாவின் குரல் கேட்டது.

"கடைசில வருது. நம்ம பதினோரு பேரும் வரிசையா. சென்னைலருந்து வந்து போட்டோ எடுத்த பிள்ளை சத்தியம் பண்ணிச் சொல்லிருக்கு. சத்தமாப் பேசாதடி, அவனுக்குத் தெரிஞ்சா பேப்பர்ல போட்டு நாறடிச்சிருவான். பாத்து முடிக்கிற வரைக்குமாச்சும் நிம்மதியா இருந்துக்கிறேன்."

ஜோ முறுக்கைக் கடித்தபடி அப்படியே நின்றான். கடித்தது வாயிலேயே இருந்தது.

நடைபாதையில் சூரியபிரகாஷைச் சுவரோரம் ஒதுக்கினான். "கடைசில எங்கம்மா போட்டோ வருதா?"

"ஒனக்குத் தெரியாதா? சூப்பரா வருதுடா. படம் பூரா குப்பை. அந்த நாலு செகண்டுக்காகவே நோட்டுல ஒண்ணாம் நம்பர் போட்டுட்டேன். தேனில பாத்தேன்." சூரியபிரகாஷ் ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டான். "ஆனா இங்கன வராது."

"ஏன்?"

"இங்கன கதை முடிஞ்சதுமே லைட்டப் போட்டு, கதவைத் தெறந்துவிட்டுருவாக. ஏழு மாசமா அப்பிடித்தான். அதாலதான் நான் தேனிக்குப் போறதே. எவனோ கேனப்பய லெட்டர் எழுதிப்போட்டானாம்."

ஜோவின் முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது. "அதுல நீயும் கையெழுத்துப் போட்டிருக்கடா."

"நானா?"

"எழுபதாவது."

சூரியபிரகாஷ் யோசித்தான். முறுக்கு நின்றது. "பஸ் பாஸுன்னு சொன்னியேடா பாவி!"

மணி அடித்தது. இரண்டாம் பாதி தொடங்கியது. ஜோ உள்ளே போகாமல், ஆப்ரேட்டர் கேபினுக்குப் போகும் இரும்புப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவினான்.

கேபினில் முத்துவீரன் ஸ்டூலில் உட்கார்ந்து பட்டாணி தின்றுகொண்டிருந்தார். ரீல் பெட்டி தூக்கிய காலத்திலிருந்து அங்கே இருப்பவர். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்தான். இருந்தாலும் பழக்கதோஷத்தில் கைலியை மடித்துக் கட்டி, இயந்திரத்தைக் கண்காணித்துக்கொண்டே இருப்பார். அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு தாள் லேமினேசன் போட்டு மாட்டியிருந்தது. பக்கத்தில் முருகன், மாதா, மெக்கா படங்கள். நான்குக்கும் சேர்த்து ஒரே ஊதுவத்தி.

"அண்ணே, இந்தப் படத்தை மட்டும் கடைசி எழுத்து வரைக்கும் ஓடவிடுங்கண்ணே."

"யாருப்பா நீ? இங்கெல்லாம் வரக்கூடாது." முத்துவீரன் சுவரைக் காட்டினார். "அதை வாசி."

"வேண்டாம்ணே, எனக்கு..."

"வாசிப்பா. சத்தமா."

ஜோ தன் கையெழுத்தைத் தானே வாசித்தான். கண்ணீர்ச் சுரப்பிகள் என்ற இடத்தைத் தாண்டிப் போகப் பார்த்தான். முத்துவீரன் பட்டாணி மெல்வதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இருபத்தெட்டு வருசமா இந்தக் கேபின்ல இருக்கேன். 'சவுண்டு வை'ன்னு கத்துவாக, 'ஃபோகஸு'ன்னு வைவாக. மதிப்பிற்குரியன்னு போட்டு ஒரு மனுசன் எழுதினது இது ஒண்ணுதான். எப்பேர்ப்பட்ட ஆளு! பாயின்டு பாயின்டா! அந்த மூணாவது பாயின்டுல ஒரு சமூக அக்கறை இருக்கு பாரு..."

"அதை எழுதுனதே நாந்தாண்ணே."

முத்துவீரன் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "மீசையே இன்னும் சரியா வரல. நீ எழுதுனியா? அவரு குறைஞ்சது ஹெட்மாஸ்டரா இருப்பாரு. நான் மனசுல ஒரு உருவமே வச்சிருக்கேன்."

"சத்தியமாண்ணே."

"அப்ப எழுது பாப்போம்." ஸ்டூலை ஜோ பக்கம் தள்ளி, பட்டாணி வந்த தாளைப் பிரித்து நீவிக் கொடுத்தார். "அதே மாதிரி பாயின்டு போட்டு எழுது. கையெழுத்து ஒத்துப்போச்சுன்னா யோசிக்கிறேன்."

ஜோ எழுதினான். மதிப்பிற்குரிய நிர்வாகம். ஒன்று, கடைசியில் ஓடும் பெயர்களில் லைட்மேன் முதல் டீ கொடுத்தவர்வரை ஆயிரம் உழைப்பாளிகள் இருப்பதால். இரண்டு, முழுதாகப் பார்ப்பது நுகர்வோர் உரிமை என்பதால். எழுத எழுதக் கை தானாக ஓடியது. இப்படி எதை வேண்டுமானாலும் அவனால் எழுத முடியும், எந்தப் பக்கத்துக்கும். மூன்று என்று போட்டுவிட்டு நல்ல சொல் தேடினான்.

அப்போதுதான் கீழே சத்தம் கேட்டது.

சதுரத் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தான். திரை முழுவதும் பனிமூட்டம். கதாநாயகன் ஒருத்தியை வலது தோளிலும் இன்னொருத்தியை இடது தோளிலும் சுமந்துகொண்டு வந்தான். மற்ற பெண்கள் பின்னால் பேசாமல் நடந்து வந்தார்கள். வயலின் இழுத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் மாரீஸ்வரி எழுந்து நின்றிருந்தார்.

"யோவ், ஊமையாட்டம் கூட்டிட்டுப் போறியே! ஒருத்தி பள்ளத்துல விழுந்தா எப்பிடிய்யா தெரியும்? பேரைச் சொல்லச் சொல்லுய்யா!"

தியேட்டர் சிரித்தது. ஆனால் மாரீஸ்வரி சிரிக்கவில்லை. "மாரீஸ்வரி!" என்று தன் பெயரைத் தானே கத்தினார். அடுத்த இருக்கையிலிருந்து, "பிலோமினா!" அதற்கடுத்து, "அருள்செல்வி!" அப்புறம், "மலையம்மாள்!" வரிசை நெடுகப் பெயர்கள் ஓடின. பதினோராவது பெயர் விழுந்ததும் அடுத்த கணம் கூரை பிய்ந்துவிடும் போல விசில். பால்கனியிலிருந்து எவனோ, "இன்னொரு தடவை!" என்று கத்தினான். அவர்கள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார்கள்.

முத்துவீரன் பதறி எழுந்தார். "நான் சவுண்டைத் தொடவே இல்லையே! யாருப்பா அவுக?"

"அவுகதாண்ணே ஒரிஜினல்" என்றான் ஜோ. துவாரத்திலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "மேகம் எறங்கி முன்னாடி இருக்கிற கையே தெரியலையாம். சேலை முந்தானையை ஒருத்தியோடது ஒருத்தி முடிஞ்சிக்கிட்டாக. பத்தடிக்கு ஒரு தடவை வரிசையாப் பேரைச் சொல்லணும். ஒரு பேரு வரலேன்னாலும் நிக்கணும். அது எங்கம்மா போட்ட ரூலு. நாலு மணி நேரம் அப்பிடியே எறங்கி வந்தாக. இருட்டுல நான் மலையடில லைட் வச்சிக்கிட்டு நிக்கிறேன், பத்துப் பேரு கேக்குது, எங்கம்மா பேரு கேக்கல. தொண்டை கட்டிப்போச்சாம், எனக்கு அது தெரியாதுல்ல..." நிறுத்திக்கொண்டான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. மெய்ச்செய்தியில் இதற்கு இடமும் இல்லை.

"டிரைவரு?"

"டயரு வாங்கப் போனவரு ரெண்டு நாள் கழிச்சுத்தான் வந்தாரு."

ஜோ பட்டாணித் தாளுக்குத் திரும்பினான். மூன்று என்ற எண்ணுக்கு எதிரே, 'அந்தப் போட்டோவில் எங்கம்மா இருக்கு' என்று எழுதி நீட்டினான்.

முத்துவீரன் தாளைச் சுவரில் இருந்த மனுவுக்குப் பக்கத்தில் பிடித்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். "நீதான் போலிருக்கு" என்றார், வருத்தத்தோடு. அவர் மனசில் இருந்த ஹெட்மாஸ்டர் செத்துக்கொண்டிருந்தார். பிறகு வாசித்தார். "மொத ரெண்டு பாயின்டும் சரியில்ல. சும்மா வார்த்தை. மூணாவது போதும்." லைட் சுவிட்சிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் போடல. ஆனா கதவு என் கையில இல்லப்பா. அது கீழ வாட்ச்மேன் சங்கிலியோட பொறுப்பு. கதை முடிஞ்சிருச்சுன்னா ரெண்டு கதவையும் விரியத் தெறந்துருவான். மேக்க பாத்த கதவு. அஞ்சு மணி வெயிலு நேரா ஸ்கிரீன்ல அடிக்கும். ஒரு மண்ணும் தெரியாது. ஓடு, வெரசா ஓடு!"

ஜோ படிகளில் இறங்கவில்லை, விழுந்தான் என்றுதான் சொல்ல வேண்டும்.

வில்லன் பள்ளத்தில் விழுந்திருந்தான். கழுகு மனம் மாறிப் பறந்துபோயிருந்தது. சூரியன் உதிக்க, கதாநாயகன் முதுகைக் காட்டி நடந்தான். கூட்டம் பாதி எழுந்துவிட்டது. வெளியே டவுன் பஸ் ஹாரன் அடித்தது. திரையை ஒட்டியிருந்த பக்கக் கதவைக் காவலாளி சங்கிலி தள்ளினார். வெயில் வாய்க்கால் திறந்தது போல உள்ளே பாய்ந்தது. திரை வெளிறிப்போனது.

"மூடுங்கண்ணே! மூடுங்க!"

"ஏ, லெட்டரே இருக்குய்யா!"

"லெட்டரு வாபஸுண்ணே!"

சங்கிலிக்கு விளங்கும்வரை காத்திருக்க நேரமில்லை. ஜோ இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றான். வெளியேற வந்தவர்கள் அவன் நெஞ்சில் மோதினார்கள். ஒருவர் காலை மிதித்தார். "பஸ்ஸு போயிருமேய்யா!" என்று சட்டையைப் பிடித்தார். அந்த நெரிசலுக்கு மேலே எங்கிருந்தோ ஒரு குலவைச் சத்தம் கிளம்பியது.

கதவில் முதுகு ஒட்டியிருந்ததால் ஜோவுக்குத் திரை தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் மூன்றாவது வரிசைதான். முன்னால் நின்றவர்கள் மறைத்ததால் பட்டுச்சேலைக்காரிகள் பதினோரு பேரும் நாற்காலிகள் மேல் ஏறி நின்றிருந்தார்கள். திரை வெளிச்சம் அவர்கள் முகத்தில் விழுந்து நீலமாகவும் மஞ்சளாகவும் அலைந்தது. மாரீஸ்வரி இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தார். அம்மா பொத்தவில்லை. வாயைத் திறந்துகொண்டு, திருவிழாத் தேரைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு அந்த வெளிச்சம் மாறியது. அவ்வளவுதான். நான்கு செகண்டு.

கதவைத் திறந்துவிட்டான். கூட்டம் அவனைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தது.

பிலோமினா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டே வந்தார். முகம் கொதித்துக்கொண்டிருந்தது. "கண்ண மூடிட்டேன்டா! பதினோரு பேருல நான் ஒருத்திதான் கண்ண மூடிட்டு நிக்கிறேன்! மூணு தடவை எடுத்தாளே அந்தப் பிள்ளை, நல்லதாப் பாத்துப் போட்டிருக்கக் கூடாதா?"

"செபம் பண்ற மாதிரி இருக்குதுடி, வா" என்று மாரீஸ்வரி இழுத்தார்.

பிலோமினா நகரவில்லை. மகனைப் பார்த்தார். அவனுக்கு எப்படித் தெரியும், கதவுப் பக்கம் ஏன் நின்றான் என்றெல்லாம் கேட்கவில்லை. "நீ பாத்தியாடா?"

"பாத்தேம்மா."

"நல்லா இருந்துச்சா?"

"ம்."

"பேப்பர்ல போடுவியா?"

"போட மாட்டேன். அதுல பொய்தான் வரும்."

டவுன் பஸ் நகரத் தொடங்கியது. பதினோரு பட்டுச்சேலைகளும், "யோவ், நிறுத்துய்யா!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடின. பஸ் நின்றது. அவர்கள் குரலுக்கு நிற்காத பஸ் அந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை.

திங்கட்கிழமை மெய்ச்செய்தி வரவில்லை. ஆசிரியருக்கு உள்மதிப்பீட்டுத் தேர்வு என்று அறிவிப்பு மட்டும் வந்தது. அந்தச் செய்தியும் பொய்தான்.

மதியக் காட்சியில் பதினான்கு பேர் இருந்தார்கள். ஜோ மூன்றாவது வரிசையில் நடுவே உட்கார்ந்திருந்தான். கதாநாயகன் அடித்தபோதும் பனியில் நடந்தபோதும் அவன் அசையவில்லை. சூரியன் உதித்தது. மேலே கேபினிலிருந்து யாரும் விளக்கைப் போடவில்லை. பக்கக் கதவருகே சங்கிலி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவனுக்கு முன் வரிசையில் துண்டு போட்ட ஒருவர் கொட்டாவி விட்டு, செருப்பைத் தேடி மாட்டி, எழுந்து நின்றார். சரியாகத் திரைக்கு நடுவில்.

ஜோ செல்லை எடுத்துக் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு, முன்னால் குனிந்து அவர் துண்டை மெல்லத் தொட்டான்.

"அண்ணே, கொஞ்சம் உக்காருங்க."